துவரம்பருப்புக்கு எந்த ஊர்?

உல்லாஸ்நகரைப் பற்றி மும்பை வட்டாரம் முழுவதும் வழங்கும் பழைய வேடிக்கை ஒன்று உண்டு. இங்கே தயாராகும் பொருள்களின் மேல் 'மேட் இன் யு.எஸ்.ஏ.' என்று அச்சிட்டிருக்குமாம். விவரம் கேட்டால், 'உல்லாஸ்நகர் சிந்தி அசோசியேஷன்' என்று விரித்துச் சொல்வார்களாம். வெளிநாட்டுப் பொருளுக்குத் தட்டுப்பாடும் மோகமும் ஒருசேர இருந்த காலத்தில் பிறந்த வேடிக்கை அது. பிரிவினையில் வீடிழந்து சிந்துவிலிருந்து வந்தவர்கள், கல்யாணுக்கு அருகே இரண்டாம் உலகப் போரின்போது அமைக்கப்பட்ட படைமுகாம்களில் குடியமர்த்தப்பட்டார்கள். அந்த முகாம்கள் நகரமாக உருப்பெற 1949 ஆகஸ்டு 8 அன்று அடிக்கல் நாட்டியவர், அப்போது தலைமை ஆளுநராக இருந்த நம் ராஜாஜி. இன்றும் இந்நகரின் முகவரிகள் 'கேம்ப் 1' முதல் 'கேம்ப் 5' வரை என்றே எழுதப்படுகின்றன. கையில் ஒன்றுமில்லாமல் வந்தவர்கள் அப்பளமும் ஊறுகாயும் துணியும் செய்து விற்றே இந்த ஊரை எழுப்பினார்கள் என்பதையும் வேடிக்கையோடு சேர்த்துச் சொல்ல வேண்டும்.

அந்த வேடிக்கை இப்போது தலைகீழாகியிருக்கிறது. அன்று உள்ளூர்ப் பொருள் வெளிநாட்டுப் பெயரைத் தாங்கி விற்றது. இன்று வெளிநாட்டுப் பொருள் உள்ளூர் முகவரியைத் தாங்கி விற்கிறது. நான் சொல்வது கடிகாரத்தையோ வாசனைத் திரவியத்தையோ அன்று. நாம் அன்றாடம் சாம்பாருக்கு வேகவைக்கும் துவரம்பருப்பை.

கேம்ப் 4-இல் எங்கள் வீட்டுக்கு அருகிலுள்ள கடையில்தான் பல ஆண்டுகளாக மாத மளிகை வாங்குகிறோம். கடைக்காரர் சிந்தி முதியவர். சென்ற ஆண்டு ஒருநாள், "சேட்ஜி, இந்தப் பருப்பு எந்த ஊர்?" என்று கேட்டேன். "வாஷி" என்றார். "வாஷியில் துவரை விளைகிறதா?" என்றேன். அவர் சிரித்துவிட்டு விளக்கினார். நவி மும்பையிலுள்ள வாஷி மொத்தச் சந்தையில் துவரைக்குப் பல பெயர்கள் உண்டு. 'லெமன்' என்றால் மியான்மரிலிருந்து வந்தது. 'அருஷா' என்றால் தான்சானியா. 'கஜ்ரி' என்றால் மொசாம்பிக். அவற்றுக்குப் பக்கத்திலேயே அகோலா, லாத்தூர், குல்பர்கா என்று நம் நாட்டுச் சரக்குக்கும் விலை கூறப்படும். "ஆலைக்காரர் அன்றன்று எது மலிவோ அதை வாங்கி உடைப்பார், சாப். கலந்தும் உடைப்பார். எனக்கு எப்படித் தெரியும்?" என்றார்.

அவர் சொன்னது நியாயம். இறக்குமதி செய்த உணவின் உறைமேல் அது வந்த நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்பது உணவுப் பாதுகாப்பு விதி. ஆனால் ஒரு பொருள் இன்னொரு நாட்டில் தன்மை மாறும்படி பதப்படுத்தப்பட்டால், பதப்படுத்திய நாடே அதன் பிறப்பிடமாகக் கொள்ளப்படும் என்றும் அதே விதி சொல்கிறது. முழுத் துவரை கப்பலில் வந்து, இங்கே தோல் நீங்கி, இரண்டாகப் பிளந்து, பளபளப்பாக்கப்பட்டு உறைக்குள் போகிறது. நாம் புரட்டிப் பார்க்கும்போது கண்ணில் படுவது ஆலையின் முகவரி ஒன்றுதான். 2024-25ஆம் நிதியாண்டில் 12 லட்சம் டன்னுக்கும் மேல் துவரை நாட்டுக்குள் இறக்குமதியாயிற்று; உள்நாட்டு விளைச்சல் ஏறத்தாழ 35 லட்சம் டன். ஆகவே நம் சாம்பாரில் நான்கு கரண்டிக்கு ஒரு கரண்டி கடல் கடந்து வந்தது என்று கொள்ளலாம்.

இதில் என்ன தவறு? மனச்சான்றுக்கு ஒத்தபடி பொருள் வாங்க விரும்புவோருக்கு இக்காலத்தில் கூறப்படும் முதல் அறிவுரை, 'உள்ளூர்ப் பொருளை வாங்குங்கள்' என்பதே. தொலைவிலிருந்து வரும் உணவு வழிநெடுகப் புகை கக்கி வருகிறது. அருகில் விளைந்தது அப்படியன்று என்பது அதன் அடிப்படை. நானும் நெடுங்காலம் அப்படியே நம்பியிருந்தேன். வணிகவியல் படித்தவனுக்கு எதையும் கணக்கெழுதிப் பார்த்தால்தான் மனம் அடங்கும். கடைக்காரருடன் பேசிய அன்று இரவு ஒரு தாளை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

கடல்வழியும் தரைவழியும்

'உணவு மைல்' என்னும் சொல் 1990களில் பிரிட்டனில் பிறந்தது. 1994இல் அங்கே இந்தத் தலைப்பிலேயே ஓர் அறிக்கை வெளியாயிற்று. உணவு எத்தனை மைல் பயணம் செய்தது என்பதை வைத்து அதன் குற்றத்தை அளக்கும் முறை அன்றிலிருந்து பரவியது. ஆனால் 2018இல் ஆக்ஸ்ஃபோர்டின் ஜோசப் பூர், சுவிட்சர்லாந்தின் தாமஸ் நெமெசெக் ஆகிய இருவரும் 119 நாடுகளின் ஏறத்தாழ 38,700 பண்ணைகளின் விவரங்களைத் தொகுத்து 'சயன்ஸ்' இதழில் வெளியிட்ட ஆய்வு வேறொன்றைக் காட்டியது. உணவுத் துறை வெளியிடும் வெப்ப வாயுக்களில் போக்குவரத்தின் பங்கு 6 விழுக்காடு அளவே. மீதியில் பெரும்பகுதி நிலத்திலும் தொழுவத்திலும் எழுவது.

அந்தப் போக்குவரத்திலும் வாகனத்துக்கு வாகனம் வேறுபாடு மிகப் பெரிது. ஒரு டன் சரக்கை ஒரு கிலோமீட்டர் கொண்டுசெல்லக் கப்பல் வெளியிடும் கரியமில வாயு ஏறத்தாழ 10 கிராம். ரயில் 50 கிராம். லாரி 200 கிராம். விமானம் 1,000 கிராமுக்கும் மேல். மொசாம்பிக்கின் நகாலா துறைமுகத்திலிருந்து நம் நவசேவா துறைமுகம் ஏறத்தாழ 5,000 கிலோமீட்டர். ஒரு கிலோ துவரை அந்தக் கடலைக் கடக்க 50 கிராம் ஆகிறது. லாத்தூரிலிருந்து உல்லாஸ்நகர் சாலைவழியே 400 கிலோமீட்டருக்கு மேல். ஒரு கிலோ துவரை லாரியில் வர 80 கிராமுக்கு மேல்.

இரண்டு மூன்று முறை சரிபார்த்தேன். மொசாம்பிக்கிலும் வயலிலிருந்து துறைமுகம்வரை லாரி ஓடுகிறது என்பதால் அதைச் சேர்த்தால் ஆப்பிரிக்கத் துவரையின் கணக்கு லாத்தூர்த் துவரையை விஞ்சும். ஆயினும் அந்த வேறுபாட்டை உண்டாக்குவது இடையிலுள்ள பெருங்கடல் அன்று. அங்கே தரையில் ஓடும் சில நூறு கிலோமீட்டர். மேலும், கடல்வழிக்கு ஆகும் 50 கிராம் என்பது 17 கிராம் சமையல் எரிவாயு எரிவதற்குச் சமம். பருப்பை அரைமணி நேரம் ஊறவைத்து, குக்கரில் மூடி வேகவைத்தால் அந்தக் கணக்கு அடுப்பிலேயே நேராகிவிடும்.

அப்படியானால் எந்த ஊர்ப் பருப்பு என்று கேட்பதே வீண் வேலையா? புகையை மட்டும் கணக்கிட்டால் ஏறக்குறைய வீண்தான். ஆனால் லாத்தூர் என்ற பெயரைக் கேட்டதும் எனக்கு நினைவுக்கு வருவது புகைக் கணக்கு அன்று. 2015 முதல் 2018 வரை அந்த மாவட்டத்தில் ஒரு கிராமப்புறக் கிளையில் பயிர்க்கடன் மேசையில் பணியாற்றியவன் நான். குடும்பம் உல்லாஸ்நகரிலேயே இருந்தது.

மேசையின் மறுபக்கம்

நான் போய்ச் சேர்ந்த ஆண்டு வறட்சியின் இரண்டாம் ஆண்டு. 2016 மார்ச்சில் லாத்தூர் நகரில் தண்ணீர்த் தொட்டிகளைச் சுற்றிக் கூட்டம் கூடத் தடை உத்தரவு போட்டிருந்தார்கள். ஏப்ரல் 12 அன்று மிரஜிலிருந்து தண்ணீர் ஏற்றிய ரயில் வந்தது. பத்துப் பெட்டிகளில் ஏறத்தாழ ஐந்து லட்சம் லிட்டர். நிலையத்தில் மாலையும் கூட்டமுமாக அதை வரவேற்றார்கள். மனிதர் குடிக்கும் நீர் ரயிலில் வந்த அதே வட்டாரத்தில் கரும்பு நின்றது. மகாராஷ்டிரத்தின் விதைப்புப் பரப்பில் கரும்பு பிடிப்பது சிறு பங்கு. பாசன நீரில் அது குடிப்பது பெரும்பங்கு. ஆனால் கரும்புக்கு ஆலை உண்டு. ஆலை வாங்கிக்கொள்ளும் என்ற உறுதி உண்டு.

துவரை அதற்கு நேர்மாறான பயிர். சோயாவுடன் ஊடுபயிராக ஜூன், ஜூலையில் விதைப்பார்கள். வேர் ஆழமாகப் போகும். பெய்யும் மழையிலேயே வளரும். வேர் முடிச்சுகளில் காற்றின் நைட்ரஜனைச் சேர்த்து மண்ணுக்குக் கொடுத்துவிட்டுப் போகும். மராத்வாடா போன்ற நிலத்துக்கு அதைவிடப் பொருத்தமான பயிர் அரிது. அதன் ஒரே குறை, விலைக்கு உறுதி இல்லை என்பதுதான்.

2015 இறுதியில் நகரங்களில் துவரம்பருப்பு கிலோ 200 ரூபாயைத் தொட்டதைப் பலரும் மறந்திருக்க மாட்டீர்கள். அந்த விலையைப் பார்த்து உழவர்கள் அடுத்த பருவத்தில் துவரையை விரித்து விதைத்தார்கள். மழையும் கைகொடுத்தது. 2015-16இல் 26 லட்சம் டன் அளவில் இருந்த நாட்டின் துவரை விளைச்சல் அடுத்த ஆண்டில் 48 லட்சம் டன்னைத் தாண்டியது. இதற்கிடையில், விலையேற்றத்துக்கு அஞ்சிய அரசு 2016 ஜூலையில் மொசாம்பிக்குடன் ஓர் உடன்படிக்கை செய்தது. ஆண்டுக்கு ஒரு லட்சம் டன்னில் தொடங்கி இரண்டு லட்சம் டன்வரை பருப்பு வாங்கிக்கொள்வதாக ஒப்பந்தம். விளைச்சலும் இறக்குமதியும் ஒரே நேரத்தில் சந்தைக்கு வந்தன.

எங்கள் கிளையில் கடன் பெற்ற ஒருவரை ஊரார் அழைப்பதுபோல் நானும் 'காகா' என்றே அழைப்பேன். ஐந்து ஏக்கர் நிலம். அந்த ஆண்டு அவருக்கு 18 குவிண்டால் துவரை கிடைத்தது. அவர் வாழ்நாளில் கண்ட நல்ல விளைச்சல்களில் ஒன்று. ஊக்கத்தொகை உட்பட அரசின் ஆதரவு விலை குவிண்டாலுக்கு 5,050 ரூபாய். கொள்முதல் நிலையத்தின் வாசலில் டிராக்டர்கள் வரிசைகட்டி நின்றன. சாக்கு இல்லை, இடம் இல்லை, நாளை வாருங்கள். காகா வாடகை டிராக்டருடன் பதினொரு நாள் காத்திருந்துவிட்டு, வாடகை ஏறுவது தாளாமல் வியாபாரியிடம் 3,600 ரூபாய்க்குக் கொடுத்துவிட்டார். குவிண்டாலுக்கு 1,450 ரூபாய் வீதம் 26,100 ரூபாய் குறைவு. அந்த ஆண்டு பயிர்க்கடனுக்கு வட்டியை மட்டும் கட்டினார்.

அதே வாரம் என் மனைவி தொலைபேசியில், "பருப்பு விலை நன்றாக இறங்கிவிட்டது, தெரியுமா?" என்று மகிழ்ச்சியோடு சொன்னது நினைவிருக்கிறது. எங்கள் வீட்டில் மாதம் மூன்று கிலோ செலவாகும். நாங்கள் மிச்சப்படுத்தியது மாதம் இருநூறு ரூபாய் இருக்கலாம்.

மறு ஆண்டு காகா ஆழ்துளைக் கிணற்றுக்குக் கடன் கேட்டு வந்தார். இரண்டு ஏக்கரில் கரும்பு போடப் போவதாகச் சொன்னார். தண்ணீர் ரயில் வந்த மாவட்டம். வந்து ஈராண்டுகூட ஆகவில்லை. ஆவணங்கள் சரியாக இருந்தன. பரிந்துரைத்துக் கையெழுத்திட்டவன் நான்தான். துவரை வாங்க ஆளில்லாத ஊரில் கரும்பு வேண்டாம் என்று அவரிடம் சொல்ல எனக்கு என்ன உரிமை இருந்தது?

நான் பிற்பாடு தெரிந்துகொண்ட இன்னொரு செய்தி, இந்தக் கதையின் மறுபாதி. உள்நாட்டு விலை சரிந்ததும் 2017 ஆகஸ்டில் இந்தியா துவரை இறக்குமதிக்கு ஆண்டுக்கு இரண்டு லட்சம் டன் என்று வரம்பு விதித்தது. மொசாம்பிக்கில் துவரை விளைவிப்போரும் ஓரிரு எக்டேர் நிலமுடைய சிறு உழவர்களே. அவர்கள் விளைச்சலில் பெரும்பகுதி இந்தியாவை நம்பியே விதைக்கப்பட்டது. வாங்குவோர் குறைந்ததும் அங்கும் விலை விழுந்தது. அங்கும் மூட்டைகள் தேங்கின. காகா போன்ற ஒருவர் கடலுக்கு அப்பாலும் அதே ஆண்டில் அதே தவிப்பில் நின்றிருக்கிறார். 'வெளிநாட்டுப் பருப்பு' என்று ஒதுக்கும்போது ஒதுக்கப்படுவது ஏதோ பெரிய நிறுவனம் என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். பெரும்பாலும் அது இன்னொரு புன்செய்க்காரர்.

2021 மே மாதம் துவரை இறக்குமதி மீண்டும் தடையின்றித் திறக்கப்பட்டது. 2024-25 பருவத்துக்கு ஆதரவு விலை 7,550 ரூபாய். 2025இல் பல சந்தைகளில் துவரை அதற்குக் கீழே விலைபோயிற்று. 2025-26க்கு 8,000 ரூபாய் என்று அறிவிக்கப்பட்டுள்ளது. இறக்குமதியே கூடாது என்று நான் சொல்லவில்லை. தாராவியில் பத்துக்குப் பத்து அறையில் ஐந்து பேருக்குச் சமைக்கும் பெண்மணிக்கு, பருப்பு 200 ரூபாய்க்கு ஏறாமல் இருப்பது பெரிய காரியம். பிள்ளைகளின் புரதம் அதில்தான் இருக்கிறது. விளைச்சல் பொய்த்த ஆண்டில் கப்பல் வரத்தான் வேண்டும். அறுவடை நடக்கும் மாதத்திலும் அது வந்து நிற்பதுதான் சிக்கல். அது நம் கையில் இல்லை. கூடுதலாகப் பதினைந்து ரூபாய் கொடுக்க இயன்றவர்கள் எதை வாங்குகிறோம் என்பது மட்டும் நம் கையில் இருக்கிறது.

அந்தப் பதினைந்து ரூபாயில் எவ்வளவு உழவருக்குப் போய்ச் சேரும்? 2024 அக்டோபரில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட ஆய்வுக் கட்டுரைகளில் இதற்கு விடை உண்டு. நாம் தக்காளிக்குக் கொடுக்கும் ஒரு ரூபாயில் உழவருக்குப் போவது 33 காசு. வெங்காயத்தில் 36 காசு. வாழைப்பழத்தில் 31 காசு. துவரையில் அது ஏறத்தாழ 65 காசு. அழுகாத பொருள், இடைக் கைகள் குறைவு. கடைக்குப் போகும் நாம் உழவருக்கு நன்மை செய்ய விரும்பினால், பருப்பு வரிசையில் நின்று யோசிப்பதே பயன் மிகுந்தது என்பது என் துணிபு.

மாட்டுங்கா போகும் வழியில்

மாதத்தின் இரண்டாம், நான்காம் சனிக்கிழமைகளில் வங்கிக்கு விடுமுறை. அந்நாள்களில் ஒன்றில் மாட்டுங்காவுக்கு ரயிலேறுவது எங்கள் வழக்கம். சின்ன வெங்காயம், வாழைப்பூ, சேப்பங்கிழங்கு, சுண்டைக்காய், நறுக்காத வாழையிலை என்று நம் ஊர்ச் சந்தையே அங்கே விரிந்திருக்கும். சின்ன வெங்காயத்தை எடைபோட்டுக்கொண்டே, "திண்டுக்கல் சரக்கு சார், நம்ம ஊரு" என்பார் கடைக்கார அண்ணாச்சி. நானும் உள்ளூர்ப் பொருள் வாங்கிய நிறைவோடு பையை நீட்டுவேன். மொசாம்பிக் கணக்கு எழுதியபின் அந்த நிறைவு சற்றுக் கலங்கியது. திண்டுக்கல்லிலிருந்து மாட்டுங்கா சாலைவழியே ஏறத்தாழ 1,400 கிலோமீட்டர். லாரியில் கிலோவுக்கு 280 கிராம். மொசாம்பிக் துவரையின் கடற்பயணத்தைவிட ஐந்து மடங்குக்கும் மேல். நம் மனம் 'உள்ளூர்' என்று சொல்லும்போது அது நிலப்படத்தைப் பார்ப்பதில்லை. பிறந்த ஊரைப் பார்க்கிறது. என் சிந்தி அண்டை வீட்டார் தாமரைத் தண்டைத் தேடி வாங்குவதும் அதே பார்வைதான். இதற்காகச் சின்ன வெங்காயத்தை விட்டுவிட்டோமா என்றால், இல்லை. மாதம் ஒரு கிலோ. அண்ணாச்சியின் பிழைப்பும் அதில் இருக்கிறது. முருங்கைக்காயை மட்டும் இங்கேயே வாங்கத் தொடங்கிவிட்டோம். சோலாப்பூர்ப் பக்கத்து முருங்கை 'ஷெவ்கா' என்ற பெயரில் கல்யாண் சந்தையில் தாராளமாகக் கிடைக்கிறது. சாம்பாரில் அதற்கு மராத்தி தெரிவதில்லை.

அதே ரயில் பயணத்தில், தண்டவாளத்துக்குப் பக்கத்தில் ஆங்காங்கே பசும்பாத்திகளைக் காணலாம். சிவப்புக் கீரை, பாலக், வெண்டை. காலி நிலத்தில் உணவு விளைவிக்க ஊழியர்களுக்கு ரயில்வே குத்தகைக்கு விட்ட திட்டத்தில் உருவானவை. சில ஆண்டுகளாக அந்நிலங்கள் குறைக்கப்பட்டு வருகின்றன. அங்கே பறித்த கீரை அரைமணியில் நிலைய வாசலில் விற்பனைக்கு வந்துவிடும். தொலைவைக் கொண்டு அளந்தால் அதைவிட உள்ளூர் உணவு மும்பையில் வேறில்லை. ஆனால் அவற்றில் பல பாத்திகளுக்குப் பாயும் நீர் சாக்கடை நீர் என்பதும் கண்கூடு. கீரை வகைகள் நீரிலுள்ள ஈயத்தையும் காட்மியத்தையும் எளிதில் உறிஞ்சுபவை. எங்கள் உல்லாஸ்நகருக்கு இதில் தனிப்பாடம் உண்டு. ஊருக்குள் ஓடும் வால்துனி ஆற்றில் 2014 நவம்பர் இறுதியில் யாரோ இரவில் இரசாயனக் கழிவைக் கொட்டிவிட, நூற்றுக்கணக்கானோர் மூச்சுத் திணறலோடு மருத்துவமனைகளுக்கு ஓடினார்கள். அந்த நீரை முகர்ந்தவர்கள், 'அருகில் விளைந்தது' என்ற ஒரே தகுதிக்காக எந்தக் கீரையையும் வாங்க மாட்டார்கள். கழிவைக் கொட்டியவர் வேறு. பாத்தியில் குனிந்து நிற்பவர் வேறு. அந்தத் தொழிலாளியின் மேல் எனக்குக் குறையில்லை. அவருடைய கீரையை வாங்க மட்டும் துணிவில்லை.

மழை தொடங்கியதும் வேறொரு கீரை வருகிறது. முர்பாட் மலைப்பக்கத்து ஆதிவாசிப் பெண்கள் விடியற்காலையில் கல்யாணிலும் எங்கள் பகுதியிலும் சாலையோரம் உட்கார்ந்து கட்டுக்கட்டாகக் காட்டுக்கீரை விற்பார்கள். மராத்தியில் 'டாக்ளா' என்று அவர்கள் சொல்வது நம் ஊர்த் தகரைதான் என்று என் தாயார் கண்டுபிடித்தார். முள்முள்ளாக இருக்கும் சிறு பாகல் வகையான 'கண்டோலி'யும் கிடைக்கும். யாரும் உரமிட்டதில்லை, நீர் இறைத்ததில்லை, இடைத்தரகர் இல்லை. ரூபாய்க்கு நூறு காசும் விற்பவருக்கே. ஆனால் இந்தச் சந்தை ஆண்டுக்கு இரண்டரை மாதம்தான். காலை ஒன்பது மணிக்குமேல் அவர்களைக் காண முடியாது. அவர்களில் பலரிடம் க்யூ.ஆர். அட்டை இல்லை. வங்கி அதிகாரியாகிய நான் சொல்வது சற்று முரணாகத் தோன்றலாம்: பத்து ரூபாய்த் தாள்களோடு போவது நல்லது.

பழங்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒட்டுவில்லையோடு மின்னும் வாஷிங்டன் ஆப்பிள் கப்பலில் வருகிறது. காஷ்மீர் ஆப்பிள் 2,000 கிலோமீட்டருக்கு மேல் லாரியில் வருகிறது. புகைக் கணக்கில் இரண்டையும் எளிதில் பிரிக்க முடியாது. காஷ்மீரிலும் இமாச்சலத்திலும் ஆப்பிளை நம்பியிருக்கும் சிறு தோட்டக் குடும்பங்களை எண்ணி நான் அதை வாங்குகிறேன். மலிவு ஆப்பிள் வந்து குவிவதைத் தடுக்க, கிலோ 50 ரூபாய்க்குக் குறைந்த விலையில் இறக்குமதி கூடாது என்று 2023 மே மாதம் அரசே ஆணையிட வேண்டியிருந்தது. விமானத்தில் வரும் உணவு மட்டும் தனி இனம். நார்வே சால்மன் மீனும் வெளிநாட்டு பெர்ரிப் பழங்களும் கப்பலைவிட ஐம்பது மடங்குக்கும் மேலான புகையோடு வந்து இறங்குகின்றன. அதற்குத் தாளும் பேனாவும் தேவையில்லை. ஜூனில் எங்களுக்குப் பக்கத்து ஊரான பதலாபூரின் நாவற்பழம் வருகிறது. 2024இல் புவிசார் குறியீடும் பெற்றுவிட்டது. நீலமாக நாக்கை மாற்றும் பழத்துக்குப் பெர்ரி ஈடாகுமா என்று என் மகளைக் கேட்டால், அவள் விடை வேறாக இருக்கும்.

சேட்ஜியின் நிபந்தனை

அதே 2024இல் லாத்தூர் மாவட்டத்தின் போர்சுரி துவரம்பருப்புக்கும் புவிசார் குறியீடு கிடைத்தது. நந்துர்பார் மாவட்டத்து நவாப்பூர்ப் பருப்பு 2016இலும், குல்பர்காப் பருப்பு 2019இலும் அதைப் பெற்றுவிட்டன. ஆலை முகவரிக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் ஊரை வெளியே கொண்டுவர இப்போதைக்கு வாங்குவோருக்கு இருக்கும் நேர்வழி இந்தக் குறியீடுதான். இன்னொரு வழி, உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்கள் தாமே உடைத்து விற்கும் பருப்பை வாங்குவது.

தசரா வாழ்த்துச் சொல்லக் காகா ஆண்டுதோறும் என்னைத் தொலைபேசியில் அழைப்பார். சென்ற முறை பேசியபோது, அவர் ஊரில் அப்படியொரு நிறுவனம் தொடங்கிச் சிறு பருப்பு ஆலை வைத்திருப்பதாகச் சொன்னார். கரும்பு என்னவாயிற்று என்றேன். கிணறு மூன்றாம் ஆண்டே வற்றிவிட்டதாம். இரண்டு ஏக்கரிலும் மறுபடி துவரைதான். கடன் அடைந்துவிட்டது என்பதை மட்டும் அழுத்திச் சொன்னார். என்னைத் தேற்றுவதற்காக இருக்கலாம்.

அவர்கள் பருப்பை உல்லாஸ்நகருக்கு வரவழைக்க முடியுமா என்று கேட்டுப் பார்த்தேன். 30 கிலோ மூட்டையாக லாரி சர்வீஸில் போட்டுவிடலாம். லாரிக் கூலி சேர்த்து எங்கள் கடை விலையைவிடக் கிலோவுக்குப் பதினைந்து ரூபாய் கூடுதலாகும். எங்கள் வீட்டுக்கு மாதம் 45 ரூபாய். 2017இல் நாங்கள் மிச்சப்படுத்தியதில் நான்கில் ஒரு பங்குகூட இல்லை. பளபளப்பாக்காத பருப்பு என்பதால் பார்வைக்குச் சற்று மங்கலாக இருக்கும் என்று முன்கூட்டியே எச்சரித்தார்.

மூட்டையை இறக்கி, பிரித்து, எடைபோட்டுத் தர இடம் வேண்டுமே என்று சேட்ஜியிடம் கேட்டேன். அவர் கணக்கில் என்னைவிடக் கெட்டிக்காரர். முப்பது கிலோ மூட்டை மழைக்காலத்தில் வண்டு பிடிக்காமல் இருக்க வேண்டுமானால் இரண்டு மாதத்துக்குள் தீர வேண்டும். அதற்கு ஐந்து குடும்பங்களாவது சேர வேண்டும் என்றார். சேர்ந்தால் கிலோவுக்கு மூன்று ரூபாய் கைக்கூலி போதும் என்றும், தம் வீட்டை ஆறாவதாக எழுதிக்கொள்ளலாம் என்றும் சொன்னார். இதை எழுதும்போது நான்கு குடும்பங்கள் பெயர் கொடுத்திருக்கின்றன.